மந்திரித்த பென்சில் செல்கள்

அயோத்தியாப்பட்டணம்
8 ஜனவரி 2025

அக்கா,

அப்பாவுக்கு மூச்சு முட்டப் போகிறது என்பது அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்பும் சேரும் இடத்தில் ஒரு குழி இருக்கிறதல்லவா, அது உள்ளே போகும். முதலில் கொஞ்சம்தான். பிறகு ஒரு புளியங்கொட்டை வைத்தால் நிற்கும் அளவுக்கு. அப்போதும் அவர் பேசிக்கொண்டுதான் இருப்பார். நான் எழுந்து போய் நெபுலைசரில் மருந்து ஊற்றுவேன். "இப்ப எதுக்குடி?" என்பார். ஊற்றி முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிடும்.

நீ வீட்டை விட்டுப் போனபோது அவர் ஜல்லி கிரஷருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வெறும் இருமல்தான். இப்போது வாசல்வரை நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறார். கல் தூள் நுரையீரலில் இறுகிவிட்டது, இனி அது கரையாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இந்த மருந்துப் புகை மூச்சுக்குழாயைக் கொஞ்சம் திறந்துவிடும், அவ்வளவுதான். அம்மா காலையில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருகிறாள். பகல் முழுவதும் நானும் அவரும்.

கரண்ட் இருக்கும்வரை பயமில்லை. போன மாதம் மழையில் தென்னந்தோப்பு டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம்தான் கரண்ட் வந்தது. அதுவரை அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். அதைக் கேள்விப்பட்டு நம் கோயில் ஃபாதர் ஒரு சின்ன நெபுலைசர் வாங்கித் தந்திருக்கிறார். கைக்குள் அடங்கும். இரண்டு பென்சில் செல் போட்டால் கரண்ட் இல்லாமலே ஓடும். கடிகாரத்துக்குப் போடும் செல்லைப் போட்டுப் பார்த்தேன், இரண்டு வேளை மருந்துக்கு மேல் தாங்கவில்லை. திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற செல்தான் வாங்க வேண்டும் என்றார் ஃபாதர். அதில் எது நல்லது என்று அவருக்கும் தெரியவில்லை.

சூரமங்கலத்தில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் பல நிறத்தில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். விலை கம்மியாக இருந்ததில்தான் எண் பெரிதாக இருந்தது. அது எப்படி என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கடைக்காரர், "என்ன பாப்பா, தம்பியோட கார் பொம்மைக்கா?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். நமக்குத் தம்பியே இல்லை. பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்து அழுகை வந்தது. நீயாக இருந்தால் கேட்டிருப்பாய்.

நீ பன்னிரண்டாவது வரை பிசிக்ஸ் படித்தவள். நான் பத்தாவதுக்குப் பாதியில் நின்றவள். ஏன் நின்றேன் என்பதை இங்கே எழுதினால் உன் பயிற்சி சிஸ்டர் படிப்பார்கள், அதனால் எழுதவில்லை. போன் இருந்தால் ஒரு நிமிடத்தில் கேட்டிருக்கலாம். கன்னியர் ஆவதற்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு அதுவும் கூடாது என்கிறார்கள். எந்தச் செல், எந்த சார்ஜர் என்று யாரிடமாவது விசாரித்து எழுது. சீக்கிரம்.

லிடியா

*

நவகன்னியர் இல்லம்
20 ஜனவரி 2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள தங்கை லிடியாவுக்கு,

உன் கடிதத்தைச் சிற்றாலயத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்பாவுக்காக இங்கே எல்லாரும் மன்றாடுகிறோம்.

எங்கள் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிஸ்டர் டார்ச்சுக்கும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கும் இந்தச் செல்களைத்தான் போடுகிறார். அவரிடம் கேட்டேன். சாதாரண சார்ஜ் செல் சும்மா இருந்தாலே தானாக வடிந்துவிடுமாம். அடியில் விரிசல் விட்ட குடம் மாதிரி என்றார். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக வடியும். நிரப்பி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நம்ப முடியாது. இன்னொரு வகை இருக்கிறது. அதைக் கடையிலேயே சார்ஜ் ஏற்றித்தான் விற்பார்கள், அட்டையில் அப்படிப் போட்டிருக்கும். அது ஒரு வருடம் வரைகூடப் பிடித்து வைத்திருக்கும். அவசரத்துக்கு என்று எடுத்து வைக்க அதுதான் சரி. எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது, அது இரண்டாயிரத்தை ஒட்டி இருந்தால் போதும். அந்தச் சின்ன உருளைக்குள் நாலாயிரம் ஐயாயிரமெல்லாம் அடங்கவே அடங்காது, பொய்யாக அச்சடிக்கிறார்கள் என்றார்.

சார்ஜரில் ஒவ்வொரு செல்லுக்கும் தனி விளக்கு இருக்க வேண்டும். நிறைந்ததும் தானாக நின்றுவிட வேண்டும். ஒரே விளக்கில் ஜோடி ஜோடியாக ஏற்றுவது வேண்டாம், ஒன்று அரைகுறையாக நிற்கும், இன்னொன்று வெந்துபோகும். புதியதையும் பழையதையும் சேர்த்துப் போடாதே. எந்த வகை வாங்கினாலும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்துச் சார்ஜ் ஏற்றி வை.

பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுதிரி மந்திரிப்பு வருகிறதே. மெழுகுதிரியோடு இந்தச் செல்லையும் பீடத்தில் வைத்து மந்திரித்து வாங்கிக்கொள்ளச் சொல் அம்மாவிடம். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

நீ எழுதாமல் விட்டதையும் நான் படித்தேன். நான் உங்களை விட்டுப் போகவில்லை, லிடியா. அழைக்கப்பட்டேன். ஒருநாள் உனக்கும் இது புரியும்.

இறையன்பில்,
அக்சிலியா

*

அயோத்தியாப்பட்டணம்
10 பிப்ரவரி 2025

அக்கா,

அழைக்கப்பட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா இருமும்போது என்னையும்தான் அழைக்கிறார்.

செல் வாங்கிவிட்டேன். நீ சொன்ன வகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அதே கடைக்குத்தான் போனேன், வேறு கடை தெரியாது. காகிதத்தை நீட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு பாப்பா கேக்கறாங்க? ஸ்டாக் வச்சா தூசுதான் புடிக்கும். இத எடுத்துக்க. பாரு, நாலாயிரத்து எண்ணூறு. டபுள் பவரு" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பில் போட்டுவிட்டார். சார்ஜர் மட்டும் நீ சொன்ன மாதிரியே கிடைத்தது, இரண்டு குழி, இரண்டு விளக்கு. ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் பச்சை. மாதம் ஒருமுறை ஏற்றினால் இந்தச் செல்லே போதும் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வந்ததும் ஏற்றி, போட்டுப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. அப்பா, "ஏண்டி, கொசு கத்தற சத்தங்கூட இல்ல" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மந்திரிப்புப் பூசை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எல்லாரும் மெழுகுதிரிக் கட்டு வைத்திருந்தார்கள். அம்மா கட்டுக்குமேல் இந்த இரண்டு செல்லையும் வைத்திருந்தாள். பாடற்குழு அக்கா ஒருத்தி, "என்ன ஜெபமலரக்கா, ரிமோட்டுக்கு மந்திரிக்கறீங்களா? சீரியல் தெளிவா தெரியுமா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா திரும்பாமலே, "எம்புருசன் மூச்சுக்கு" என்றாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது, செல்லில் தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமோ என்று முந்தானையால் மூடினாள். பிறகு பயந்துபோய் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினாள், ஒரு சொட்டாவது விழட்டும் என்று.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா நான் முதல் நற்கருணை வாங்கிய அன்று போட்ட புதுநன்மை முக்காட்டை எடுத்தாள். அதில் ஒரு மெழுகுதிரியையும் செல் இரண்டையும் வைத்துச் சுற்றினாள். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருக்கும் தகரப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். இனி அவசரத்துக்குத்தான் எடுக்க வேண்டுமாம்.

"அம்மா, மாசத்துக்கு ஒருக்கா எடுத்து சார்ஜ் போடணும்" என்றேன்.

"மந்திரிச்ச மெழுகுதிரிய சும்மா கொளுத்திப் பாக்கறமா? இடி மின்னலுக்கும் சாவுக்கும்தான எடுக்கறோம்? இதும் அப்பிடித்தான்."

"வடிஞ்சிடும்மா."

"தீர்த்தம் பட்டது வடியாது. தொட்டன்னா கைய ஒடிப்பேன்."

அதற்குமேல் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும். நீ பாதி கன்னியாஸ்திரி ஆகிவிட்டாய், நீ சொன்னால் வேதவாக்கு. அம்மாவுக்கு ஒரு வரி எழுது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஓட்டுக்குக் கீழே அந்தத் தகரப் பெட்டி மத்தியானத்தில் தொட்டால் சுடுகிறது.

லிடியா

*

நவகன்னியர் இல்லம்
3 மார்ச் 2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள லிடியா,

நாளை மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் முழுவதும் நாங்கள் கடிதம் எழுதக் கூடாது, வரும் கடிதமும் ஈஸ்டருக்குப் பிறகுதான் கையில் தரப்படும். இது இங்கே வழக்கம். அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

அம்மாவோடு இதற்காகச் சண்டை போடாதே. அந்தப் பெட்டி ஒன்றுதான் அவளுக்கு இருக்கும் ஆறுதல். அவள் செய்வது தவறு என்று இங்கிருந்து நான் ஒரு வரியில் எழுதினால், முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் காகிதத்தில் சொன்னதாக ஆகும். ஈஸ்டருக்குப் பிறகு பொறுமையாக, அவள் மனம் நோகாமல் எழுதுகிறேன். மழை எல்லாம் மே மாதம்தானே.

அப்பாவுக்கு என் முத்தம்.

அக்சிலியா

*

அயோத்தியாப்பட்டணம்
11 ஏப்ரல் 2025

அக்கா,

இது ஈஸ்டர்வரை யாருடைய மேசையிலோ கிடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மடத்துக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்றேன். "தவக்காலத்துல அவளக் கலைக்காத" என்றாள் அம்மா.

போன வாரம் மழை வந்தது. மேயில் இல்லை, ஏப்ரலில்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா படுத்திருந்தார். திடீரென்று வானம் கறுத்தது. காற்று அடித்த வேகத்தில் தோப்பிலிருந்து ஒரு தென்னை மட்டை பறந்து வந்து கம்பியில் விழுந்தது. நீல நெருப்பாகப் பொறி பறந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். குழி உள்ளே போயிருந்தது.

கரண்ட் வந்துவிடும் என்று கொஞ்சம் பொறுத்தேன். வரவில்லை. பெட்டியைத் திறந்து, முக்காட்டைப் பிரித்து, செல்லைப் போட்டேன். விளக்கு எரிந்தது, புகை வந்தது. அப்பா மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் புகை இளைத்தது. பூசை முடிந்து தூபக் கலசத்தில் கரி அணையுமே, அதுபோல இழை இழையாக வந்து நின்றுவிட்டது. செல்லைக் கழற்றித் துணியில் தேய்த்துப் போட்டேன். மாற்றிப் போட்டேன். ரிமோட் செல்லைக் கடிப்பார்களே, அதுபோல் கடித்துக்கூடப் பார்த்தேன். அப்பா கையால், போதும் விடு என்று காட்டினார். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது.

பின்பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் கண்ணாத்தாள் அத்தையிடம் மழையில் ஓடினேன். என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அழுவாத சாமி. எங்க பண்ணையில ஜெனரேட்டர் ஓடுதுல்ல. கோழிக்குக் காத்து வேணும்னா ஓட்டறாங்க, உங்கப்பனுக்கு ஓட்ட மாட்டாங்களா? பெரிய மிஷின எடு."

தீவனம் தள்ளும் கைவண்டியில் அப்பாவை உட்காரவைத்துத் தள்ளினோம். தலைக்கு ஒரு சாக்கு. கொட்டகைக்குள் கூண்டு கூண்டாகக் கோழி, எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகிறது. எச்சத்தின் காரம் கண்ணை எரிக்கிறது, இறகுத் தூசி பறக்கிறது. தூசியால் வந்த நோய்க்காரரைத் தூசிக்குள் வைத்துத்தான் மூச்சு கொடுத்தோம். பிளக் அங்கேதான் இருந்தது. ஃபேனுக்குப் பக்கத்தில் சொருகி, மாஸ்க்கை வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. அத்தை அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "ஏனுங்கண்ணா, இந்தக் கோழிக பேசறதப் பாத்தா உங்களயும் முட்ட போடச் சொல்லுதுங்களாட்ட இருக்குது" என்றார். அப்பா சிரிக்கப் பார்த்து இருமினார்.

மழை விட்டதும் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரி. நேற்றுதான் வீட்டுக்கு விட்டார்கள். இனி கட்டிலைவிட்டு இறங்கமாட்டார்.

அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டாள். "டார்ச்சுக்குப் போட்டயா? ரேடியோவுக்கா? உண்மையச் சொல்லு. மந்திரிச்சது எப்பிடித் தீரும்?"

பீடத்தில் வைக்கச் சொன்னது நீ.

லிடியா

*

நவகன்னியர் இல்லம்
21 ஏப்ரல் 2025

லிடியா,

இன்று காலை பலகாரத்துக்குப் பிறகு உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. எல்லாரும் ஈஸ்டர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் தோட்டத்துக் கழிப்பறையில் போய் நின்று படித்தேன்.

படித்துவிட்டு என்னிடம் தராமல் வைத்திருந்தீர்களா என்று பயிற்சி சிஸ்டரிடம் கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன். இந்தக் கடிதத்தையும் அவர்கள் படிப்பார்கள். படிக்கட்டும்.

மழை மேயில்தானே என்று எழுதியவள் நான். மாதம் ஒருமுறை ஏற்றச் சொன்ன கையோடு மந்திரித்து வைக்கவும் சொன்னேன். மந்திரித்ததை அம்மா எப்படிப் பூட்டி வைப்பாள் என்று வளர்ந்த வீட்டில் எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கு ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டாய். ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மருந்தகத்துப் பெரிய சிஸ்டர் தன்னிடம் இருந்த நல்ல செல் இரண்டைக் கொடுத்திருக்கிறார், கடையிலேயே சார்ஜ் ஏற்றி வருகிற வகை. சேலம் வழியாக ஊருக்குப் போகும் ஒரு சிஸ்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் சார்ஜரிலேயே ஏற்றலாம்.

அம்மாவுக்குத் தனியாக எழுதப்போகிறேன். லிடியாமேல் தப்பில்லை, துணியில் சுற்றிச் சும்மா வைத்ததால்தான் வடிந்தது என்று. நீ சரி என்றால் அனுப்புகிறேன்.

இன்னொன்று. எனக்கு இன்னும் வார்த்தைப்பாடு ஆகவில்லை, கடவுளிடம் வாக்குக் கொடுத்து முடிக்கவில்லை. எந்த நாளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். வந்துவிடு என்று நீ ஒரு வார்த்தை எழுது. வந்துவிடுகிறேன்.

அக்சிலியா

*

அயோத்தியாப்பட்டணம்
5 மே 2025

அக்கா,

செல் வந்து சேர்ந்தது. பெரிய சிஸ்டருக்கு நன்றி சொல்.

அம்மாவுக்கு எழுதாதே. தன் கையால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று தெரிந்தால், அவள் இனி அந்தப் படத்துக்கு முன்னால் முழங்கால் போட முடியாது. மில்லில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்து அவள் உட்காரும் இடம் அது ஒன்றுதான். டார்ச்சுக்குப் போட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். ஒரு அறை விட்டாள். பிறகு சோறு போட்டாள். அதோடு முடிந்தது.

அவள் அந்தச் செல்களை மறுபடியும் துடைத்து முக்காட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். "நீ தொட்டதாலதான் போச்சு. இனித் தொடாத" என்றாள். காலியான செல்லை வைத்து மூடுகிறாள், அக்கா.

உன் செல் இரண்டும் என் தையல் டப்பாவில் இருக்கிறது. பாசி நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன், கலந்துவிடாமல் இருக்க. அம்மா முக்காட்டை எப்படி மடிக்கிறாள் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன். முதலில் இடது முனை, பிறகு லேஸ் உள்பக்கம் போகும்படி ஒரு சுற்று, கடைசியில் முனையைச் செருகுவது. மாதம் பிறந்ததும் அவள் மில்லுக்குப் போன பிறகு எடுத்து, ஏற்றி, அதேபோல மடித்து வைத்துவிடுகிறேன். சூடு ஏறாமல் இருக்கப் பெட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தேன். கரையானுக்காக என்று சொன்னேன். பெட்டியில் இருக்கும் அந்த ஜோடி ஒரு வேளை மருந்துக்கு ஓடும், சில நாள் இரண்டு. நாலாயிரத்து எண்ணூறாவது ஒன்றாவது. ஆனால் ஓடும்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும், கட்டிலிலிருந்து பார்க்கிறாரே. முதல்நாள் நான் முக்காட்டைப் பிரிக்கும்போது, "உங்கம்மா வந்தா இருமிக் காட்டறேன், டக்குனு மூடிக்க. இருமறது ஒன்னுதான் இப்ப எனக்கு நல்லா வருது" என்றார்.

வந்துவிடு என்று எழுதச் சொல்கிறாய். எழுதமாட்டேன். வருவதானால் நீயாக வா. நான் எழுதி நீ வந்தால், நான் கூப்பிட்டு வந்ததாக ஆகிவிடும். அதையும் என் தலையில் வைக்காதே.

லிடியா

*

நவகன்னியர் இல்லம்
9 செப்டம்பர் 2025

லிடியா,

இதற்கு முன் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் வரவில்லை. இருக்கிறேன். காரணம் எழுதினால் சாக்குப்போல இருக்கிறது, எழுதாவிட்டால் திமிர்போல இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் நாலு செல்லையும் ஏற்றிவிடு. பெரிய சிஸ்டர் உன்னைப் பற்றித் தினமும் கேட்கிறார். உன் பேர் அவருக்கு நினைவில்லை, செல் பாப்பா என்கிறார்.

இங்கே பூசையில் யாராவது நெஞ்சைப் பிடித்து இருமினால் என் கண் அவர்கள் கழுத்துக்குத்தான் போகிறது. அப்பாவின் குழி இப்போது எப்படி இருக்கிறது?

அக்சிலியா

*

அயோத்தியாப்பட்டணம்
5 நவம்பர் 2025

அக்கா,

அடக்கத்துக்கு வந்த அன்று, கல்லறையிலிருந்து திரும்பும்போது, கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டாய். சுற்றிலும் சொந்தக்காரர்கள். பிறகு உன் மடத்து வண்டி வந்துவிட்டது. போன ஞாயிறு கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்கப் போனோம். மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பா போன அன்றும் ஞாயிறுதான். காலையிலிருந்து மழை. பூசைக்குப் போய்வந்த அம்மா ஈரப் புடவையோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கரண்ட் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது, அப்பாவின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டை எல்லாம் இல்லை அக்கா. எலுமிச்சங்காய் வைக்கலாம் போலிருந்தது.

நான் தையல் டப்பாவைத் தேடிப் போனேன். அதற்குள் அம்மா பெட்டியைத் திறந்துவிட்டாள். முக்காட்டைப் பிரித்து, செல் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. இந்த வாட்டி கைவிடாது."

வெள்ளிக்கிழமைதான் ஏற்றி வைத்திருந்தேன். வாங்கிப் போட்டேன். விளக்கு எரிந்தது, புகை வந்தது, நிற்கவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா" என்றாள் என்னிடம்.

"ஆமாம்மா" என்றேன்.

அப்பா மாஸ்க்குக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு லேசாக இருமினார். அது நோய் இருமல் இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். அதுதான் அவர் கடைசியாக என்னிடம் சொன்னது.

நூற்றெட்டுக்குப் போன் போட்டோம். ஓடையில் தண்ணீர் ரோட்டுக்குமேல் போகிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். மருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இழுக்க அவரிடம் பலம் இல்லை. புகை மாஸ்க் ஓரமாக வழிந்து கன்னத்தில் போனது. அம்மா அதைப் பார்த்துவிட்டு மெழுகுதிரியைக் கொளுத்தினாள். அவர் கையில் வைத்து, நழுவாமல் இருக்க அதன்மேல் என் கையை வைத்தாள். காதோரம் குனிந்து, "இயேசு மரி சூசை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பேரும் அதில் இருக்கிறதே, சூசைமாணிக்கம் என்று. அவரைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

குழி உள்ளே போனது. வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாதான், "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். மாஸ்க்கைக் கழற்றினேன். மூக்கின் இரண்டு பக்கமும் அச்சு விழுந்திருந்தது, அதைக் கட்டை விரலால் நீவிவிட்டேன். போகவில்லை. கண்ணாத்தாள் அத்தை ஓடி வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தார். "ஏனுங்கண்ணா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்களே" என்றார்.

அப்போது கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியதில் மெழுகுதிரி அணைந்துவிட்டது. அம்மா அதை அப்பா கையிலிருந்து எடுத்து முக்காட்டில் வைத்தாள். முக்காட்டை இன்னும் கொஞ்சம் விரித்து, செல்லுக்காக, என் பக்கம் நீட்டினாள்.

நான் இரண்டு செல்லையும் மிஷினிலிருந்து எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சார்ஜரில் போட்டேன்.

லிடியா